ஆஃப்டர்பர்னர் எரிகிறதா இல்லையா? சிமுலேட்டரில் அடிக்கடி நடக்கும் பிழைகள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு ஜாய்ஸ்டிக்கை வாங்கி, இரவோடு இரவாக டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டரைக் கணினியில் இறக்கி முடித்த தம்பிமார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, த்ராட்டிலை முழுசாகத் தள்ளிவிட்டேன். ஆஃப்டர்பர்னர் பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?" த்ராட்டில் என்பது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி; ஆஃப்டர்பர்னர் என்பது எஞ்சினின் பின்னால் மேலும் எரிபொருளை எரித்துக் கூடுதல் உந்துவிசை தரும் பகுதி. எந்த விமானம் என்று கேட்டால் பல பேர் சொல்வது சு-25டி. டிசிஎஸ்ஸோடு இலவசமாக வருவது அதுவும் ஒரு முஸ்டாங்கும்தான். முஸ்டாங் காற்றாடி விமானம். சு-25டி ஜெட்தான், ஆனால் அதன் எஞ்சினில் ஆஃப்டர்பர்னரே கிடையாது. ஏ-10, ஹாரியர் இரண்டிலும் இல்லை. இல்லாத ஒன்றைத் தேடி விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டொலர் விலையில் ஒரு விமானத்தை வாங்கும் முன் 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். அந்த வாய்ப்பில் ஒரு எஃப்-16 எடுத்துப் பழகுங்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதை வைத்துத்தான்.

சரி, முதல் பெரிய பிழைக்கு வருவோம்: எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்ப்பது. த்ராட்டில் முன்னே போனால் முள்ளும் ஏற வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஆஃப்டர்பர்னர் எரிவது டர்பைனுக்குப் பின்னால். சுழலும் பகுதிகளைத் தாண்டி வெளியேறும் சூடான காற்றில் இன்னும் ஒட்சிசன் மிச்சமிருக்கும். அதில் மேலும் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துகிறார்கள். பின்னால் எரிவதால் அழுத்தம் முன்னோக்கித் திரும்பி எஞ்சினைத் திணறடித்துவிடக் கூடாதல்லவா? அதற்காக நாஸில், அதாவது எஞ்சினின் பின்வாய், அகலத் திறந்துகொடுக்கிறது. அதனால் டர்பைனுக்கு வித்தியாசமே தெரியாது. ஆர்பிஎம், டர்பைன் வெப்பம் இரண்டும் ஆஃப்டர்பர்னர் இல்லாத முழு விசையில், அதாவது மில் பவரில், எங்கே நின்றனவோ ஏறத்தாழ அங்கேயே நிற்கும். முள் அசையவில்லை என்று த்ராட்டிலைக் குறை சொல்வதில் பயனில்லை.

அப்போது எதைப் பார்ப்பது? எரிபொருள் ஓட்டத்தை. எஃப்-16இல் அது ஒரு மணி நேரத்துக்கு இத்தனை இறாத்தல் என்று எண்ணாகவே ஓடும். கடல்மட்டத்தை ஒட்டிப் பறக்கும்போது மில் பவரில் பத்து, பன்னிரண்டாயிரத்தை ஒட்டி இருக்கும். முழு ஆஃப்டர்பர்னரில் அது ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அப்படிப் பாய்வதற்கு வேறு எந்தக் காரணமும் இருக்க முடியாது.

நாஸில் மீட்டரும் நல்ல சாட்சிதான், ஆனால் அதை மட்டும் நம்புவது அடுத்த பிழை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் படித்துவிட்டு வருபவர்களும் விழும் குழி இது. "நாஸில் திறந்தால் ஆஃப்டர்பர்னர்" என்று மனப்பாடம் செய்துகொண்டு ஓடுபாதைக்குப் போகிறார்கள். எஃப்-16இல் ஓயில் பிரஷர், நாஸில், ஆர்பிஎம், வெப்பம் நான்கும் வலப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். தரையில் ஐடிலில், அதாவது எஞ்சின் மிகக் குறைந்த விசையில் ஓடியபடி, நிற்கும்போது அந்த நாஸில் முள்ளைப் பாருங்கள்: கிட்டத்தட்ட முழுதாகத் திறந்திருக்கும். உந்துவிசையைக் குறைத்து, பிரேக்கைத் தேய்க்காமல் மெதுவாக உருண்டு போவதற்காக எஞ்சினே அப்படி வைத்துக்கொள்கிறது. த்ராட்டிலை ஏற்ற ஏற்ற முள் இறங்கும், மில் பவரில் ஏறத்தாழ மூடிவிடும், அங்கிருந்து ஆஃப்டர்பர்னருக்குள் போனதும் மறுபடி ஏறும். ஆகவே, திறந்திருக்கிறதா என்று பார்ப்பது போதாது. மூடிய பிறகு திறந்ததா என்று பார்க்க வேண்டும். எரிபொருள் ஓட்டமும் கூடவே பாய்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. எஃப்-18 ஹார்னெட்டிலும் இதே கதைதான். அங்கே இரண்டு எஞ்சினுக்கும் இரண்டு நாஸில் அளவுகள், இரண்டையும் பாருங்கள். இரட்டை த்ராட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பற்றி, மூக்கு ஒரு பக்கமாக இழுப்பது அடிக்கடி நடக்கும்.

சில விமானங்களில் இந்தச் சிரமமே இல்லை. மிராஜ் 2000இல் அதற்கென்று ஒரு சின்ன விளக்கு உண்டு. மிக்-21இலும் விளக்கு எரியும், ஆனால் அதில் ஆஃப்டர்பர்னருக்கான ஸ்விட்சை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். அதைப் போடாமல் த்ராட்டிலை மட்டும் தள்ளிப் பயனில்லை. வார் தண்டர் விளையாட்டில் த்ராட்டில் நூறு வீதத்தைத் தாண்டியதும் திரையிலேயே எழுதிக் காட்டிவிடும்.

விசைப்பலகையில் எஃப்2 அடித்து வெளிப்பார்வைக்குப் போய் நெருப்பைப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். பல சேர்வர்களில் வெளிப்பார்வையை அடைத்து வைத்திருப்பார்கள். சண்டை நடுவில் வெளியே போனால் எதிரியைத் தொலைத்துவிடுவீர்கள். இன்னொன்று, ஐடிலில் இருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உடனே நெருப்பை எதிர்பார்ப்பது. எஞ்சின் முதலில் சுழன்று மேலே வர வேண்டும், அப்புறம்தான் பின்னால் பற்றும். சில வினாடி பொறுங்கள்.

சத்தத்தை வைத்து அறியலாம் என்று ஸ்பீக்கரைக் கூட்டி வைப்பவர்கள் உண்டு. கொக்பிட்டுக்குள் கேட்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், அதை நம்பிப் பறக்க முடியாது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பக்கத்து வீட்டில் வன்னியில் இருந்து வந்தவர்கள் இருக்கலாம். போரில் குண்டு வீசிய கிபிர் ஜெட்டின் சத்தம் அவர்களுக்கு என்னவென்று நமக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்குச் சுவர் வழியே ஜெட் இரைச்சல் கேட்க வைக்காதீர்கள். ஹெட்போன் போடுங்கள்.

இனி த்ராட்டில் சாதனம். உண்மையான எஃப்-16இல் மில் பவரில் த்ராட்டில் ஒரு தடையில் நிற்கும். அதை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் ஆஃப்டர்பர்னருக்குள் போகும். கை தானாகவே அறிந்துகொள்ளும். நம் மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் த்ராட்டிலில் ஒரு தடை இருந்தாலும், அது சிமுலேட்டர் நினைக்கும் இடத்தோடு பொருந்தும் என்று நம்புவது பிழை. பொருந்துகிறதா என்று வானத்தில் சோதியுங்கள். நேராகப் பறந்துகொண்டு, டிசிஎஸ்ஸில் ரைட் கன்ட்ரோலோடு என்டர் அடித்தால் திரையில் த்ராட்டில் நிலை தெரியும். மெல்ல மெல்லத் தள்ளுங்கள். எரிபொருள் ஓட்டம் படிப்படியாக ஏறி, ஓரிடத்தில் திடீரென்று குதிக்கும். அந்த இடம்தான் ஆஃப்டர்பர்னரின் வாசல்.

அது உங்கள் தடைக்கு முன்னாலோ பின்னாலோ இருந்தால், டிசிஎஸ் கன்ட்ரோல் அமைப்புகளில் உள்ள ஆக்ஸிஸ் டியூனில் யூசர் கர்வைத் தெரிவு செய்தால் 11 சறுக்கிகள் (ஸ்லைடர்கள்) வரும். உங்கள் பிளாஸ்டிக் தடை 80இல் இருக்கிறது, வாசல் 75இல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80க்கான சறுக்கியை 75க்குச் சற்றுக் கீழே இறக்கினால் போதும், தடையில் கை நிற்கும்போது மில் பவர் கிடைக்கும். ஃபால்கன் பிஎம்எஸ் என்ற மற்றொரு சிமுலேட்டரில் இன்னும் இலகு: அமைப்புப் பக்கத்திலேயே ஆஃப்டர்பர்னர் தொடங்கும் இடத்தைக் குறித்துவிடலாம். தடையே இல்லாத த்ராட்டில் என்றால் வாசலுக்கு நேரே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கடற்காற்று படும் வீடுகளில் பழைய த்ராட்டிலின் உள்ளே தூசும் உப்பும் சேர்ந்து அளவு நடுங்கத் தொடங்கும்; வாசல் விளிம்பில் வைத்தால் பற்றியும் அணைந்தும் கொண்டிருக்கும். வாசலுக்குச் சற்றுக் கீழே இரண்டு சறுக்கிகளை ஒரே அளவில் வைத்தால் அங்கே ஒரு சமதளம் கிடைக்கும், நடுக்கம் பாதிக்காது.

கடைசிப் பிழைதான் அதிகம் பேரைக் கடலில் இறக்குகிறது: அணைந்ததா என்று பார்க்காமல் விடுவது. எரிகிறதா என்று கேட்பவர்கள் நிறைய, அணைந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. சண்டை முடிந்து த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, அது மில் பவருக்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் குறைந்த ஆஃப்டர்பர்னரில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். எஃப்-16இன் உள்தொட்டிகளில் இருப்பது ஏறத்தாழ 7,000 இறாத்தல். தாழப் பறந்தபடி முழுதாக எரித்தால் எட்டு நிமிடச் சொச்சம், அவ்வளவுதான். இழுத்த கையோடு எரிபொருள் ஓட்டத்தை ஒருமுறை பாருங்கள். எண் இறங்கி, நாஸிலும் மூடியிருக்க வேண்டும். பறக்க முன்னரே ஐசிபியில், அதாவது கொக்பிட்டின் முன்னால் உள்ள பொத்தான் பலகையில், லிஸ்ட் அழுத்தி 2ஐத் தெரிந்து, வீடு திரும்பத் தேவையான அளவைப் பிங்கோவாகப் போட்டு வையுங்கள். அந்த அளவுக்கு இறங்கியதும் காதில் "பிங்கோ, பிங்கோ" என்று கேட்கும், கண் வேறெங்காவது இருந்தாலும்.