தொட்டாலே கடிக்கும் நாய்க்குட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாடும்போது குட்டி கையைக் கவ்வுவது வேறு, தூக்கும்போதும் காலைப் பிடிக்கும்போதும் திரும்பிக் கடிப்பது வேறு. முதலாவதை எல்லாக் குட்டியும் செய்யும். பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் நாலாவது மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை இன்னும் கூடவே செய்யும். கடிக்க ஒரு பொம்மையைக் கொடுத்து, பல் கையில் பட்டதும் விளையாட்டை நிறுத்தினால் மெல்லக் குறைந்துவிடும். இரண்டாவது அப்படியில்லை, அது பெரும்பாலும் பயத்தாலோ வலியாலோ வருவது. அதையும் திமிர் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

திமிர் என்று நினைத்துவிட்டால் அடுத்தது அடிதான். மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கப் போட்டு அமுக்கி யார் எஜமான் என்று காட்டுவது. இதற்கு ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் இப்படித்தான் அடக்குமாம் என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைக் கூண்டில் அடைத்துப் பார்த்ததிலிருந்து வந்த கருத்து அது. காட்டில் வாழும் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் என்று ஒரு குடும்பம்தான். 'ஆல்ஃபா', அதாவது அடக்கி ஆளும் தலைவன், என்ற பேச்சைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளரே 1999இல் இதை விளக்கி எழுதிவிட்டார். அடி வாங்கும் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கை கிட்டே வந்தால் ஆபத்து.

உறுமினால் அதட்டாதீர்கள், தயவுசெய்து. குட்டி நேராகக் கடிப்பதற்குப் போவதில்லை. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், இத்தனையையும் நாம் கவனிக்காமல் விட்ட பிறகுதான் உறுமும். அதட்டி அடக்கினால் உறுமல் நிற்கும், பயம் அப்படியே உள்ளே இருக்கும், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் பதியும். உறுமினால் கையை எடுத்துவிட்டு, எந்த இடத்தில் தொட்டபோது உறுமியது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது நகம் வெட்டும்போதுதான். ஒருவர் அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் நாலு காலையும் ஒரே மூச்சில் முடித்துவிடப் பார்ப்பார். குட்டி கடிக்கும். விட்டுவிட்டால், 'கடித்தால் விடுவார்கள்' என்று கற்றுக்கொள்கிறது, விடாமல் பிடித்தால் பயம் இரண்டு மடங்காகிறது. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்தான், அதனால் அந்தக் கட்டத்துக்கே போகக் கூடாது. முதலில் தோளை ஒரு நொடி தொடுங்கள், உடனே வேகவைத்த கோழிக்கறியில் ஒரு சின்னத் துண்டு. அது பழகியதும் முழங்கால், அப்புறம் பாதம், பிறகு பாதத்தைப் பிடித்து ஒரு விரலை லேசாக அழுத்துவது, கடைசியில்தான் நகவெட்டி. இங்கே வரிசை முக்கியம்: தொட்ட பிறகுதான் கறி. கறியை முதலில் காட்டி ஏமாற்றிப் பிடித்தால், கறியைப் பார்த்தாலே ஓடப் பழகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும், அதுவும் நுனி மட்டும். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிறது, கறுப்பு நகத்தில் அது வெளியே தெரியாது, ஒரு தடவை ஆழமாக வெட்டி வலித்துவிட்டால் நாள் கணக்கில் பழக்கியதெல்லாம் வீண்.

நேற்றுவரை சும்மா இருந்த குட்டி இன்று காதைத் தொட்டால் கடிக்கிறதா? காது நாறுகிறதா, தலையை உதறிக்கொண்டே இருக்கிறதா, காது மடிப்பிலும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கிற இடத்தில் பயிற்சி எடுபடாது, கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

குழந்தைகள் முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவதையும், வந்த விருந்தாளிகள் கைக்குக் கை மாற்றிக் கொஞ்சுவதையும், தூங்கும் குட்டியை எழுப்பித் தூக்குவதையும் நிறுத்துங்கள். நாள் முழுக்கப் பெரும்பாலும் தூங்க வேண்டிய வயது அது. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பாகத்துக்கு அடியில். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்து வாங்கிய குட்டி என்றால் கூடுதல் பொறுமை வேண்டும், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் அது கற்றிருக்க வேண்டும், அந்த வாய்ப்பு அதற்குச் சரியாகக் கிடைத்திருக்காது.

கடைசியாக, சின்னக் குட்டிதானே என்று கடியை அலட்சியமாக விடுவது. குட்டி மூலமாகவும் ரேபிஸ் வரும். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசி போடுவதே சுமார் மூன்று மாதத்தில்தான். பல் பட்டுத் தோல் கீறினாலே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள்.