கல்லூரிக்குக் காசு சேர்க்கும் விழா: எங்கெல்லாம் கசிகிறது?

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியின் (கல்லூரி என்றாலும் பள்ளிக்கூடம்தான்) உணவுத் திருவிழாவில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. வர்த்தகப் பிரிவில் படிக்கிறவன்தானே என்று தலையில் கட்டிவிட்டார்கள். அங்கே பார்த்ததையும், மற்றக் கல்லூரி நண்பர்கள் புலம்பியதையும் வைத்துப் பார்த்தால், கூட்டம் வராமல் படுத்த விழாக்கள் குறைவு. கூட்டம் வரும், காசும் புரளும், கடைசியில் கையில் மிஞ்சுவது மட்டும் சொற்பமாக இருக்கும்.

முதல் பிழை திகதியிலேயே தொடங்கிவிடும். கனடா, லண்டன் பழைய மாணவர்கள் ஊரில் நிற்கும் காலம் என்று நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து வைக்க எல்லோருக்கும் ஆசை. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறினால் 25 நாள் திருவிழா. பின்னேரமானால் சனம் கோயிலடியில். பல வீடுகளில் அவ்வளவு நாளும் சைவம். நண்டு போட்ட கூழை யாருக்கு விற்பது? மார்ச்சில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கிற வடக்கின் பெருஞ்சமர் போன்ற கிரிக்கெட் போட்டிகள், ஐப்பசி கார்த்திகையில் மழை. வெள்ளிக்கிழமையும் பல வீடுகளில் சைவம் என்பதால் சரிவராது. இவ்வளவையும் கழித்துவிட்டு, பரீட்சைத் திகதிகளையும் பார்த்த பிறகுதான் மண்டபமோ மைதானமோ பதிய வேண்டும்.

அடுத்தது கூழ். யாழ்ப்பாணத்தில் உணவுத் திருவிழா என்றால் ஒடியல் கூழ் (காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) இல்லாமல் நடக்காது, நட்டமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நண்டு, இறால், மீன் விலை அன்று காலையில் சந்தையில்தான் தெரியும். ஆனால் கூப்பன் விலையை ஒரு மாதத்துக்கு முன்பே அச்சடித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் அகப்பை. நாங்கள் கூழ் ஊற்ற விட்ட அக்கா ஒருவர் நல்ல மனசுக்காரி. தெரிந்த முகம் வந்தால் கோப்பை விளிம்பு வரை நிரப்பி, மேலே ஒரு நண்டுக் காலும் வைத்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் தெரியாத முகம் ஏது? கூப்பன் கையில் வைத்திருந்தவர்கள் வரிசையில் நிற்கும்போதே கிடாரம் காலி. காசைத் திருப்பிக் கொடுத்து, திட்டும் வாங்கியதுதான் மிச்சம். ஒரு கிடாரம் எத்தனை கோப்பை வரும் என்று முதலே தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். அந்தக் கணக்கிலும் கொஞ்சம் குறைத்துத்தான் கூப்பன் அடிக்க வேண்டும். கூழ் ஆற ஆற இறுகும், இளக்கச் சுடுதண்ணீர் விட்டால் ருசி போய்விடும். ஆகவே ஒரேயடியாகக் காய்ச்சாமல் இரண்டு தரமாகக் காய்ச்சுவது நல்லது.

அம்மாமார் சும்மா தந்த பயற்றம் பணியாரத்தையும் முறுக்கையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடக் குழு, பலகாரத்துக்குச் செலவே இல்லை என்று நம்பி வரவுசெலவு போட்டுவிடும்.

ரிக்கெற் புத்தகம் இன்னொரு ஓட்டை. 20 ரிக்கெற் உள்ள புத்தகம், ஒன்று 200 ரூபாய் என்று வையுங்கள். 100 புத்தகம் கொடுத்தாயிற்று, 4 லட்சம் வருகிறது என்று கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொல்வார், எல்லோரும் கைதட்டுவார்கள். கொடுத்தது வேறு, விற்றது வேறு. அடிக்கட்டையும் காசும் ஒன்றாகத் திரும்பி வந்தால்தான் அது வரவு. யார் எந்த இலக்கப் புத்தகம் எடுத்தார் என்று கையெழுத்து வாங்காமல் ஒன்றையும் கொடுக்கக் கூடாது, அது நெருங்கிய நண்பனாக இருந்தாலும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புத்தகம் திணிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. கடைசியில் தகப்பன்தான் முழுப் புத்தகத்தையும் வாங்குவார், ஒருவரும் விழாவுக்கு வரமாட்டார்கள்.

அனுசரணை கேட்டுக் கடை ஏறுகிறவர்கள் வீதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை முதலாளி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நேற்றும் உங்கட பெடியள் வந்தவை. நீங்கள் ஆர், வேற கோஷ்டியோ?" முந்தின நாள் வந்தது பழைய மாணவர் சங்கம். பிறகு வாங்கோ என்று சொன்னவரின் பெயருக்கு நேரே தொகை எழுதி வைப்பதும் தவறுதான்.

அனுமதி விஷயத்தைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். அதிபரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ். சாப்பாட்டுக் கடைகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். ரிக்கெற் விற்பதென்றால் கேளிக்கை வரி பற்றி மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அச்சடிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக் காசை யாராவது ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போடச் சொல்வது வசதிதான். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பிறகு கதை வரும். பாடசாலையின் வங்கிக் கணக்குக்கே வரட்டும், அனுப்பியவருக்குப் பற்றுச்சீட்டின் படத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், வாடகைக் கதிரை. இறக்கும்போது எல்லோரும் நிற்பார்கள், ஏற்றும்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டு தடவையும் ஒரே ஆள் நின்று எண்ண வேண்டும். குறைகிற கதிரைக்குக் காசு விழா வரவிலிருந்துதான் போகும்.