சிக்னலில் யூ-டர்ன் போடும்போது

நம்ம ஊர் சிக்னலில் யூ-டர்ன் தடைப் பலகை இருந்தால், சாலை காலியாகக் கிடந்தாலும் திரும்பக் கூடாது. 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள் சொல்வதும் அதுதான்.

தடை இல்லையா, சரி, முன்கூட்டியே கண்ணாடி பார்த்து, வலது இண்டிகேட்டர் போட்டு, மீடியனை ஒட்டிய லேனுக்கு வந்துவிடுங்கள். கடைசி நொடியில் இடது ஓரத்திலிருந்து குறுக்கே வெட்டினால் பின்னால் வரும் பைக்காரர்தான் விழுவார். வலது அம்பு தனியாக இருந்தால் அது பச்சையாகும் வரை நிறுத்தக் கோட்டைத் தாண்டாதீர்கள், எவ்வளவு ஹாரன் அடித்தாலும். அம்பு இல்லையென்றால் எதிரே நேராக வருபவர்களுக்கு வழிவிட்ட பிறகே திரும்புங்கள்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: வலப்பக்கச் சாலையிலிருந்து இடதுபுறம் திரும்புகிறவர்களும் நீங்கள் நுழையும் அதே பாதைக்குத்தான் வருகிறார்கள். ஜீப்ராவில் நடப்பவர்களும் அங்கேதான். மெதுவாகத் திரும்புங்கள். ஒரே வளைவில் திரும்ப முடியாத பெரிய வண்டி என்றால் அங்கே முயலவே வேண்டாம்.