அமெரிக்காவில் டைட்டில் தொலைந்த காரை நன்கொடையாகக் கொடுப்பது எப்படி?

டாஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் சீட்டு டைட்டில் ஆகாது. இந்தியாவில் ஆர்.சி. புத்தகம் ஒன்றே நடைமுறையில் இரண்டு வேலையும் பார்ப்பதால், நம்மவர்கள் பலர் முதலில் இங்கேதான் குழம்புகிறார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் என்பது சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. டைட்டில் என்பது கார் யாருடையது என்று சொல்லும் பத்திரம். கலிஃபோர்னியாவில் பழைய வழக்கப்படி ‘பிங்க் ஸ்லிப்’ என்பார்கள். தொண்டு நிறுவனம் காரை ஏலத்தில் விற்கவோ தன் பெயருக்கு மாற்றவோ அந்தப் பத்திரம் வேண்டும். அதனால்தான் போன் செய்ததும் அதை முதலில் கேட்கிறார்கள்.

தொலைந்தது காகிதம் மட்டும்தான். உரிமை மாநில மோட்டார் வாகனத் துறையின் (டிஎம்வி) பதிவில் அப்படியே இருக்கிறது. காகிதத்தைத் திரும்ப வாங்குவது ஒரு படிவமும் சிறு கட்டணமும்தான். நாள்கணக்கில் இழுத்தடிப்பது அந்தப் பதிவில் உள்ள கோளாறுகள். எனவே படிவத்தை எடுப்பதற்கு முன் பதிவைப் பாருங்கள்.

பதிவில் பார்க்க வேண்டியவை

எந்த மாநிலம் கொடுத்த டைட்டில்? டெக்சஸில் வாங்கிய காரோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோய், டைட்டிலை மாற்றாமலே விட்டிருந்தால், இப்போது இருக்கும் ஊரின் டிஎம்வி நகல் தராது. கொடுத்த மாநிலத்திடம்தான் கேட்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் தபாலில் விண்ணப்பத்தை ஏற்கும்.

யார் பெயரில் இருக்கிறது? படிக்க வந்த காலத்தில் சீனியரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கி, அவர் கையெழுத்துப் போட்ட டைட்டிலை அலுவலகத்தில் கொடுக்காமலே வைத்திருந்து, அதையும் தொலைத்துவிட்டால், பதிவின்படி கார் இன்னும் சீனியருடையது. நகல் கேட்கும் உரிமையும் அவருக்குத்தான். நீங்கள் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்பது கணக்கில் வராது. அவரைத் தேடிப்பிடித்து அவர் பெயரில் நகல் எடுக்க வைப்பதுதான் மலிவான வழி. அவர் கிடைக்கவே இல்லையென்றால் ஜாமீன் பத்திரத்தின் பேரில் தரும் ‘பாண்டட் டைட்டில்’ சில மாநிலங்களில் உண்டு. டெக்சஸில் கார் மதிப்பைப்போல் ஒன்றரை மடங்குத் தொகைக்கு ஜாமீன் பத்திரம் வாங்க வேண்டும். ஆயிரம் டாலர் பெறாத காருக்காக அந்த அலைச்சல் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டோடு வந்தவர்களின் விசாவில் முதல் பெயர் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். அது ஓட்டுநர் உரிமத்திலும் ஏறியிருக்கலாம். பிறகு பெயரைச் சரிசெய்தவர்களுக்கு உரிமத்தில் ஒரு பெயர், டைட்டிலில் ஒரு பெயர் என்று நிற்கும். அப்பா பெயர் முன்னும் பின்னுமாக மாறியிருப்பதும் இதே வகைதான். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி இதற்குத் தேவைப்படும். கலிஃபோர்னியாவில் ஆர்இஜி 256 என்ற படிவத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இதை நகல் விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். திருப்பி அனுப்பிய பிறகு தேடினால் இன்னொரு மாதம் போய்விடும்.

முகவரி? நகல் டைட்டில் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் தபாலில் வரும். வீடு மாறியிருந்தால் முதலில் டிஎம்வி தளத்தில் முகவரியை மாற்றுங்கள். அஞ்சலகத்தில் கொடுத்த முகவரி மாற்றத்தை நம்பி இருக்க வேண்டாம்.

அடைத்த கடன், அடையாத லீன்

கார் கடன் முடிந்து ஆறு வருடம் ஆகியிருக்கும். பதிவில் மட்டும் வங்கியின் பெயர் இன்னும் உட்கார்ந்திருக்கும். இதைத்தான் லீன் என்கிறார்கள். அது நீங்காமல் நகல் உங்கள் கைக்கு வராது. வந்தாலும் வங்கியின் பெயரோடு வரும், தொண்டு நிறுவனம் தொடாது.

வங்கியைக் கூப்பிட்டு லீன் விடுவிப்புக் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் காரின் 17 இலக்க அடையாள எண்ணான விஐஎன், உங்கள் பெயர், கடன் முடிந்த தேதி, வங்கி அதிகாரியின் கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். விஐஎன்னில் ஓர் எழுத்து பிசகினாலும் கவுன்டரில் திருப்பிவிடுவார்கள். விஐஎன்னில் ஆங்கில ‘ஓ’, ‘ஐ’, ‘க்யூ’ எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கியிடம் கேட்க வேண்டும். வங்கியே திவாலாகி, வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான எஃப்டிஐசி கைக்குப் போயிருந்தால், லீனை விடுவிக்கும் வேலையையும் எஃப்டிஐசியே செய்கிறது.

பல மாநிலங்களில் கடன் உள்ள காரின் டைட்டில் மின்னணு வடிவில்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் டைட்டில் தொலையவே இல்லை, அச்சிடப்படவே இல்லை என்று பொருள். அங்கே கேட்க வேண்டியது டூப்ளிகேட் அல்ல, காகித டைட்டில். தவறான படிவத்தைப் போட்டுக் காத்திருப்பவர்கள் இதில் நிறைய.

நகல் வாங்கும் படிவம்

டெக்சஸில் விடிஆர்-34. தபாலில் 2 டாலர், நேரில் 5.45 டாலர். ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கப் போகும் கவுன்டி வரி அலுவலகத்தில் இது கிடைக்காது, மாநிலத் துறையின் வட்டார சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். நியூயார்க்கில் எம்வி-902, 20 டாலர். நியூஜெர்சியில் 60 டாலர். வாஷிங்டன் மாநிலத்தில் டைட்டில் தொலைந்ததற்கான உறுதிமொழியும் உரிமை விடுவிப்பும் ஒரே தாளில் இருக்கின்றன, ஆனால் நோட்டரி அல்லது உரிம அலுவலகத்தார் முன்னால் கையெழுத்திட வேண்டும். எந்த மாநிலமானாலும் ஓட்டுநர் உரிமத்தின் நகலை இணைப்பது வழக்கம்.

கலிஃபோர்னியாவில் குறுக்குவழி உண்டு. ஆர்இஜி 227 என்ற ஒரே படிவம் நகல் கேட்கவும் பயன்படும், உரிமையை மாற்றவும் பயன்படும். ஆகவே நகல் வரும்வரை காத்திருக்காமல், அந்தப் படிவத்தையே பூர்த்தி செய்து கையெழுத்திட்டு நிறுவனத்திடம் கொடுக்கலாம். லீன் இருந்தால் அதே படிவத்தில் வங்கி நோட்டரி முன்னிலையில் விடுவித்துக் கையெழுத்திட வேண்டும். இதில் ஒரு சிக்கல் ஓடோமீட்டர். 2011 மாடலிலிருந்து, கார் 20 வருடப் பழசாகும்வரை, எத்தனை மைல் ஓடியது என்ற கணக்கை எழுதிக் கையெழுத்திடுவது கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயம். வழக்கமாக அது டைட்டிலின் மேலேயே எழுதப்படும். டைட்டில் இல்லாததால் ஆர்இஜி 262 என்ற படிவம் வேண்டும். அது பாதுகாப்புத் தாளில் அச்சிட்டது, இணையத்தில் இறக்கி அச்செடுத்தால் செல்லாது. டிஎம்வியிடமோ, நன்கொடையை வாங்கும் நிறுவனத்திடமோ கேட்டு வாங்குங்கள். 2010 மாடலும் அதற்கு முந்தையவையும் இந்த விதிக்குள் வராது.

ஆகவே நகலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்தைக் கூப்பிட்டு, ‘டைட்டில் இல்லை, எங்கள் மாநிலத்தில் எந்தத் தாளோடு எடுத்துக்கொள்வீர்கள்?’ என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கார்களைக் கையாள்வது தனி ஏஜென்சிகள்தான். அவர்களுக்கு இது தினசரி வேலை.

கையெழுத்து

டைட்டிலில் இரண்டு பெயர் இருந்தால் நடுவில் ‘ஆண்ட்’ இருக்கிறதா ‘ஆர்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆண்ட்’ என்றால் கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஏற்கெனவே ஊருக்குப் போயிருந்தால் பவர் ஆஃப் அட்டர்னி தேவை. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு, ஒரு முத்திரைக்கு 50 டாலர். முன்பதிவு கிடைப்பதைப் பொறுத்து நாள் ஆகும் என்பதால், விமானம் ஏறுவதற்கு முன்பே இங்கே எழுதி வாங்கிவிடுவது எவ்வளவோ மேல்.

கறுப்பு அல்லது நீல மை மட்டும். அடித்தல் திருத்தல் கூடாது, வெள்ளை மை பூசினால் அந்தத் தாள் போயிற்று. வாங்குபவர் இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் யாராவது ஒரு பெயரை எழுதிப் பதியும்வரை கார் உங்கள் தலையில்தான் இருக்கும்.

உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசு வேறு படிவம் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் அது ஆர்இஜி 5. இறந்து 40 நாள் கழிந்த பிறகே, நீதிமன்றத்தில் வாரிசுரிமை வழக்கு இல்லாத சொத்துக்கு மட்டும் செல்லும்.

கார் போகும் நாள்

டோல் டேக், கேரேஜ் ரிமோட், பெயர் முகவரி உள்ள தாள்கள், காரின் திரையில் சேமித்த போன் எண்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நம்பர் பிளேட் விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் சாதாரண பிளேட் காரோடு போகும். நியூயார்க்கில் கழற்றி டிஎம்வியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகே இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும். முந்தி நிறுத்தினால் உரிமம்வரை கைவைப்பார்கள்.

டோ டிரக் ஓட்டுநரிடம் சாவியும் தாளும் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே மாநிலத்துக்குக் காரைக் கொடுத்துவிட்டதாகத் தெரிவியுங்கள்: கலிஃபோர்னியாவில் ஆர்இஜி 138, 5 நாளுக்குள், டெக்சஸில் வாகன மாற்ற அறிவிப்பு, 30 நாளுக்குள். இரண்டையும் இணையத்திலேயே முடிக்கலாம். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் மூன்று மாதம் கழித்து யாரோ ஓட்டிய டோல் பில்லும் பார்க்கிங் அபராதமும் வந்து சேரும்.

வரிக் கழிவு

நிறுவனம் 501(சி)(3) தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக் கழிவு பெறும் தொண்டு நிறுவனத் தகுதி, உடையதா என்று வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் தளத் தேடலில் பாருங்கள். கோயில், தேவாலயம், மசூதி போன்றவை அங்கே பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, பட்டியலில் இல்லாவிட்டாலும் தகுதி இருக்கலாம். கோயில் அலுவலகத்தில் கேட்டால் கடிதம் தருவார்கள்.

எவ்வளவு கழியும் என்பதில் ஏமாற்றம் அதிகம். இணையத்தில் காட்டும் மதிப்பு அல்ல, நிறுவனம் விற்ற தொகைதான் உங்கள் கழிவு. 2,500 டாலர் மதிப்பு காட்டும் கார் ஏலத்தில் 900-க்குப் போனால் 900 மட்டுமே. 350-க்குப் போய், அதன் சந்தை மதிப்பு 1,200 என்றால் 500 வரை எழுதலாம். 500-க்கு மேல் என்றால் நிறுவனம் கார் நன்கொடைக்கான 1098-சி படிவத்தை விற்ற 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது வரி எண்ணைக் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து போனில் கேட்டால் கொடுக்காதீர்கள். காரை விற்காமல் தங்கள் சேவைக்கே பயன்படுத்தினாலோ, ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தாலோ சந்தை மதிப்பை எழுத முடியும். அந்த மதிப்பு 5,000-ஐத் தாண்டினால் மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும்.

கழிவுகளை வரிசையாக எழுதித் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டுமே இதெல்லாம். 2025-இல், அப்படி எழுதாமலே தம்பதிக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவு 31,500 டாலர். மொத்தக் கழிவு அதைத் தாண்டாத குடும்பத்துக்கு இந்தக் காரால் வரியில் ஒரு டாலரும் குறையாது. 2026 முதல், கழிவுகளை வரிசையாக எழுதாதவர்களுக்கும் சிறு நன்கொடைக் கழிவு கிடைக்கிறது. ஆனால் அது ரொக்கத்துக்கு மட்டும், கார் அதில் சேராது.

டிசம்பர் 31-க்குள் கணக்கில் வர வேண்டும் என்றால் நகல் விண்ணப்பத்தை அக்டோபரிலேயே போடுங்கள். புது நகல் வந்தபின் பழைய டைட்டில் பீரோவின் அடியிலிருந்து கிடைத்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். நகல் அச்சான நாளிலேயே அது செல்லாததாகிவிட்டது, நிறுவனத்திடம் அதைக் கொடுத்தால் திரும்பிவரும்.