இதயக் கோளாறு உள்ள பிள்ளையும் மார்ச்சிங் பேண்டும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

கத்ரி கோபால்நாத் சம்மணமிட்டு வாசித்த சாக்ஸபோனைத்தான் நமக்குத் தெரியும். இங்கே உயர்நிலைப் பள்ளி மார்ச்சிங் பேண்டில் அதைத் தோளில் தாங்கியபடி, மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். பேண்ட் கேம்ப் என்னும் பயிற்சி முகாம் பெரும்பாலும் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ, கொதிக்கும் தார்த்தளத்தில் தொடங்கும். அதன் பிறகு இலையுதிர்காலம் முழுக்க வெள்ளி இரவு ஃபுட்பால் ஆட்டம், சனிக்கிழமை போட்டி. இதயத்தில் ஓட்டை அடைத்த பிள்ளைகளும் வால்வு சரிசெய்த பிள்ளைகளும் பலர் இதில் சேர முடிகிறது. ஆனால் யார், எந்த அளவுக்கு என்பதைச் சொல்ல வேண்டியவர் குழந்தைகள் இதய நிபுணர்தான். கேம்ப் ஆகஸ்டில் என்றால் அவரிடம் மே மாதமே நேரம் கேளுங்கள். புதிய நோயாளிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். ஊரில் செய்த அறுவை சிகிச்சைக் குறிப்பு, கடைசி எக்கோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

‘பேண்ட்’ என்றதும் சில மருத்துவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்துச் சரி என்பார்கள். பள்ளியின் போன வருட ஷோ வீடியோவைக் காட்டுங்கள். நிமிடத்துக்கு 160, 180 தட்டு வேகத்தில், 8 எட்டு வைத்து 5 கஜம் கடந்தபடியே ஊத வேண்டும் என்று விளக்குங்கள். ‘கடினமான உழைப்பு வேண்டாம்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு பேண்ட் டைரக்டர் எதையும் முடிவு செய்ய முடியாது. வெயிலில் தொடர்ந்து எத்தனை நிமிடம், ஓட்டப் பயிற்சி உண்டா, தண்டால் உண்டா, எவ்வளவு எடை தூக்கலாம் என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

பல பள்ளிகள் பேண்டுக்கும் விளையாட்டுப் பிள்ளைகளின் உடல்தகுதிப் படிவத்தையே கேட்கும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா என்ற கேள்வி அதில் இருக்கும். நம்மவர்கள் யோசிக்காமல் ‘இல்லை’ என்று குறித்துவிடுவார்கள். முப்பது வயதில் ‘தூக்கத்திலேயே போய்விட்ட’ சித்தப்பாவும் இந்தக் கணக்கில் வருவார்.

வாத்தியத் தேர்வுக்கு வருவோம். சாக்ஸபோன் வகைகளில் ஆல்டோ சுமார் 2.5 கிலோ, டெனர் 3.5 கிலோ, பாரிடோன் 6 கிலோவை நெருங்கும். ஆல்டோவே நல்லது. கழுத்துப் பட்டையைவிட இரு தோளிலும் பாரத்தைப் பரப்பும் ஹார்னஸ் வசதி. ஆனால் அதன் வார் பேஸ்மேக்கர் மேலோ நெஞ்சுத் தழும்பின் மேலோ உராயக் கூடாது, கடையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். ஓபோ, டிரம்பெட் அளவுக்கு சாக்ஸபோனில் அழுத்தம் கொடுத்து ஊத வேண்டியதில்லை. அந்தச் சலுகையைக் கெடுப்பவை இரண்டு: 3 அல்லது அதற்கு மேற்பட்ட எண் கொண்ட தடித்த ரீட் (ஊதும் முனையில் பொருத்தும் அதிரும் பட்டை), காற்று கசியும் பேட் (துளைகளை மூடும் சிறு மெத்தை). பள்ளி இரவல் தரும் வாத்தியத்தில் அடிமட்ட ஸ்வரங்கள் எளிதாக வரவில்லை என்றால், பிள்ளையின் மூச்சைக் குறை சொல்லுமுன் ரிப்பேர் கடையில் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். 2 அல்லது 2.5 ரீடோடு தொடங்கினால் போதும். மவுத்பீஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்; அதை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ரீடைக் காயவைக்க வேண்டும். செயற்கை வால்வு உள்ள பிள்ளைகளுக்கு இதயத்தின் உள்ளுறையில் தொற்று வரும் அபாயம் அதிகம் என்பதால் பல், ஈறு சுத்தத்தில் சமரசமே வேண்டாம்.

கேம்பில் ‘தண்ணீர் குடி, குடி’ என்று விரட்டுவார்கள், ஒரு காலன் ஜாடியே கொண்டுவரச் சொல்வார்கள். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவைக் குறைத்திருக்கும் பிள்ளைக்கு அது ஆகாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கோ உடலில் நீர் சீக்கிரம் வற்றும். பீட்டா பிளாக்கர் என்னும் இதய மருந்து எடுப்பவரின் நாடி உழைப்புக்கு ஏற்ப ஏறாது, வெயிலும் தாங்காது. ஒரு நாளைக்கு எத்தனை மில்லி என்பதும் கடிதத்தில் வரட்டும்.

அந்தக் கடிதத்தை வைத்துப் பள்ளியில் ‘504 பிளான்’ கேளுங்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி உடல்நலக் குறை உள்ள மாணவருக்கு வேண்டிய ஏற்பாடுகளைப் பள்ளி எழுத்தில் உறுதி செய்வது இது. நிழலில் ஓய்வு, பயிற்சியின்போது சீருடைக் கோட்டைக் கழற்ற அனுமதி, பயிற்சியைக் குறைத்தாலும் மதிப்பெண் குறையாமை எல்லாம் அதில் அடங்கலாம். நடையே கூடாது என்றாலும் வழி உண்டு: மைதான ஓரத்தில் மரிம்பா, சிந்தசைசர் நிற்கும் ‘பிட்’ பகுதியில் மைக் முன் நின்று வாசிக்கலாமா என்று டைரக்டரிடம் கேளுங்கள்.

திடீரென்று இதயம் நின்றால் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எங்கே என்று நேரில் போய்ப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பள்ளிக் கட்டடம் பூட்டியிருந்தால், உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் கருவியால் வெளியே பயிற்சி செய்யும் பிள்ளைக்குப் பயனில்லை. மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவர முடிய வேண்டும். முடியாவிட்டால் பயிற்சித் திடலுக்கே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.

நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் எல்லாரும் வெயில் என்றுதான் சொல்வார்கள். நினைவில்லை, மூச்சு சரியில்லை என்றால் உடனே 911 அழைத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கி, ஏஇடியைக் கொண்டுவர வேண்டும். சில நொடியில் தானாக எழுந்துவிட்டாலும் இதய நிபுணர் பார்க்காமல் மறுபடி வரிசையில் நிற்க விடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு கூச்சம் உண்டு: நெஞ்சு படபடத்தாலும் வரிசை கலையுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஷோவின் நடுவிலும் வெளியேறலாம் என்று, முதல் நாளே டைரக்டர் தன் வாயால் அவர்களிடம் சொல்லட்டும்.