குடி நிறுத்திய முதல் நான்கு நாட்கள்: வார்டில் செவிலியர் கவனிக்க வேண்டியவை

கேஸ் ஷீட்டில் முதலில் ஏற வேண்டியது கடைசியாகக் குடித்த நேரம். மற்ற கணக்கெல்லாம் அங்கிருந்துதான். சுமார் 6 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆளையே அடையாளம் தெரியாமல் பிதற்றும் டெலிரியத்துக்கு 48 முதல் 96 மணி நேரம். இரண்டாம் நாள் காலை தெளிவாகப் பேசுகிறார் என்று கண்காணிப்பைத் தளர்த்துவதுதான் வழக்கமான தவறு. குடித்த அளவை நோயாளி குறைத்தே சொல்வார். வீட்டாரைத் தனியாகக் கேளுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, தூக்க மாத்திரைப் பழக்கம் உண்டா என்பதையும் விடாதீர்கள்.

நடுக்கத்தைப் பார்க்க, இரு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லையா? உங்கள் விரல்நுனியை அவர் விரல்நுனியில் வையுங்கள். மெல்லிய அதிர்வு பட்டால், குடி நிறுத்தியதால் வரும் விலகல் அறிகுறிகளை அளக்கும் சீவா (CIWA-Ar) அளவையில் 1. நீட்டிய கை ஓரளவு நடுங்கினால் 4. நீட்டாமலேயே கடுமையாக ஆடினால் 7. மொத்தம் 10 அம்சங்கள், 67 மதிப்பெண். கூட்டுத்தொகை 8ஐத் தொட்டால், மருத்துவர் எழுதிய டயசெபாம் (விலகலைத் தணிக்கும் அமைதிப்படுத்தும் மருந்து); ஒரு மணி நேரத்தில் மறுபடி மதிப்பெண். ஒவ்வொரு முறையும் கொடுக்கும் முன் மூச்சு எண்ணிக்கையும் விழிப்பும் பாருங்கள். கல்லீரல் பழுதானவருக்கும் முதியவருக்கும் டயசெபாம் உடலில் தேங்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் அதே வகை மருந்தான லோரசெபாம். கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் இந்த அளவை செல்லாது. தலைக்காயம், தாழ்சர்க்கரை, காய்ச்சல் ஆகியவையும் குழப்பத்தைத் தரும் என்பதால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றுவதானால் தயமின் (வைட்டமின் B1) முன்பே, அல்லது கூடவே போக வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருந்தால் தயமினுக்காகக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நம்பாதீர்கள், குடிப்பவரின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, ஊசிதான். குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்று இருந்தாலே வெர்னிக்கே (தயமின் குறைவால் வரும் மூளைப் பாதிப்பு) என்று சந்தேகித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் விளக்கை முழுதும் அணைக்காதீர்கள். அரையிருட்டில் திரைச்சீலை ஆளாகத் தெரியும்.

ஹெராயின் நிறுத்துபவர் கதை வேறு. விலகல் அறிகுறிகள் தெளிவாகத் தெரியும் முன், ஹெராயின் விலகலுக்குத் தரும் மருந்தான புப்ரெனார்ஃபின் கொடுத்தால், மருந்தே விலகலைத் திடீரெனக் கடுமையாக்கிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியிடமும் வீட்டாரிடமும் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: தாங்குதிறன் போய்விட்டது, பழைய அளவே இப்போது உயிரைப் பறிக்கும், ஹெராயின் அளவு மீறினால் அதை முறிக்கும் நலோக்சோன் கையில் இருக்கட்டும்.