கெல்லிஸ் கோட்டையையும் தோட்டத்துக் கோயிலையும் 360 டிகிரியில் சுற்றிக்காட்ட

ஒரு இடத்தைச் சுற்றிலும் பார்க்கிற மாதிரி 360 டிகிரி படமாக எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. கேமராவை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் பார்ப்பவர் நிற்கப் போவதும் அங்கேதான்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பத்து காஜா பக்கம் இருந்தால் கெல்லிஸ் கோட்டையில் ஆரம்பிக்கலாம். ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற கட்டடம். மதராஸிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் கட்டியது. நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காமல், டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) வைக்க நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். கோயில் என்றால் தலைவரிடமும் பூசாரியிடமும். மூலஸ்தானத்தை எடுக்கலாமா, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கலாம் என்பதை அவர்கள் சொல்லட்டும்.

முதல் தடவை கேமராவே எடுத்துப் போகாதீர்கள், தாளில் ஒரு வரைபடம் போடுங்கள். வாசல், கூடம், படிக்கட்டு, மாடி என்று ஒரு மனுஷன் நடக்கிற வரிசையில் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளியில் நின்றால் அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான் விதி.

இனி கேமரா. தீட்டா, இன்ஸ்டா360 மாதிரி இரண்டு லென்ஸ் உள்ளவை போதும். இரண்டு படமும் ஒட்டுகிற இடத்தில் பக்கத்திலிருக்கும் பொருள் உடைந்து தெரியும், தூண் என்றால் இரண்டாகிவிடும். அதனால் குறுகலான நடையில் லென்ஸ் இரண்டையும் இரு சுவர்களைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். ஒட்டு, நடையின் நீளவாக்கில் தூரமாகப் போய்விடும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி எடிட்டிங் வேலை மிச்சம். உயரம் சுமார் ஒன்றரை மீட்டர், கண் மட்டம். போனில் இயக்கிவிட்டு நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள்.

உள்ளே இருட்டு, ஜன்னலில் கண் கூசும் வெளிச்சம், இதுதான் பெரிய தலைவலி. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, குறைத்து வைத்து, ஒரே இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று, ஐந்து படங்கள் எடுத்து ஒன்றாகச் சேருங்கள். வெளிப்புறத்தை மெல்லிய மேகம் மூடிய காலையில் எடுங்கள், அப்புறம் பேருந்துகள் வர ஆரம்பித்துவிடும், மத்தியானம் மழையை நம்பமுடியாது.

கோட்டையோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அது பிடிக்காது. பக்கத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே ஸ்மித்துக்கும் ஒரு உருவம் உண்டு. அதை 360 படத்தில் தேடினால் ஏமாற்றம்தான். 6720 பிக்சல் அகலப் படத்தை 360-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு டிகிரிக்குச் சுமார் 19 பிக்சல்தான். 5 டிகிரி அளவுக்குத் தெரிகிற சிலைக்கு மொத்தமே சுமார் 93 பிக்சல்தான். சாதாரண கேமராவில் கிட்டத்தில் எடுத்து, அந்த இடத்தைத் தொட்டால் பெரிதாகத் திறக்கும்படி வையுங்கள். பழைய லயமோ (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பெரட்டுக் களமோ (காலையில் பேர் கூப்பிடும் இடம்) மிச்சம் இருக்கிற தோட்டத்துக்கும் இதே முறைதான், அங்கே வேலை செய்த ஒரு பாட்டியின் குரலையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

தனித்தனிப் படங்களை இணைக்க பேனலம் என்ற இலவச மென்பொருள் போதும். வாசலைத் தொட்டால் அடுத்த இடம் திறக்கும். அப்படித் திறக்கும்போது நடந்து வந்த திசையையே பார்க்கவேண்டும்; முதுகுப்பக்கம் திரும்பித் திறந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றிவிடும், ஒவ்வொரு இணைப்பையும் சோதியுங்கள். சில போன்கள் 4096 பிக்சலுக்கு மேல் அகலமான படத்தைத் திறக்காது, அதற்குப் படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. முடித்த கோப்பை உங்கள் கணினியில் இருமுறை தட்டித் திறந்தால் வேலை செய்யாது, கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றுங்கள்.

சரி, முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தையே போட்டுவிடாதீர்கள், அது சுருக்கி நசுக்கி நீளமான சப்பைப் படமாக்கிவிடும். ஏற்றிய இடத்தின் இணைய முகவரியை மட்டும் அனுப்புங்கள்.